வயதான ராக் பாடகரை மேடையில் பார்க்க: சேலத்திலிருந்து முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு

போன மாதம் அண்ணன் மகன் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்திருந்தான். போனை நீட்டி ஒரு விளம்பரத்தைக் காட்டினான். "சித்தப்பா, இந்த ஆளுக்கு வயசு எழுபத்தஞ்சுக்கு மேல. பேண்ட்ல பழைய ஆளுங்க ஒருத்தர்கூட இல்லையாம். டிக்கெட் விலையப் பாருங்க. போலாமா, வேண்டாமா?"

போ என்றேன். அவனிடம் இரவு வரை சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ராக் இசையைப் போனிலும் ஹெட்செட்டிலும் மட்டுமே கேட்டவர்கள், பெரிய மைதானக் கச்சேரிக்கு இதுவரை போகாதவர்கள், சேலத்திலோ ஏற்காட்டிலோ இருந்து கிளம்ப நினைக்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில்: யார் வருகிறார், யாரோடு வருகிறார்

டிக்கெட் எடுக்கும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். போஸ்டரில் இருக்கும் பெயர் ஒன்று, மேடையில் நிற்கும் ஆட்கள் வேறு என்பது ராக் உலகில் சாதாரணம். அதில் பல வகை உண்டு.

ஒரு வகையில் மையத்தில் ஒரே ஆள் இருப்பார், சுற்றியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1941-ல் பிறந்தவர். 1988 ஜூனில் அவர் தொடங்கிய தொடர் பயணத்தை ரசிகர்கள் 'முடிவில்லாப் பயணம்' என்றே அழைத்தார்கள். 2019-க்குள் அதில் மூவாயிரம் கச்சேரியைத் தாண்டிவிட்டார். இத்தனை ஆண்டுகளில் அவருக்குப் பின்னால் எத்தனையோ கிதார்காரர்களும் டிரம்மர்களும் வந்து போனார்கள். பேஸ் கிதார் வாசிக்கும் டோனி கார்னியர் மட்டும் 1989 முதல் கூடவே இருக்கிறார். ஜெத்ரோ டல்லும் அப்படித்தான். 1967-ல் தொடங்கிய குழுவில் புல்லாங்குழல் வாசித்துப் பாடும் இயன் ஆண்டர்சன் ஒருவர்தான் ஆரம்பம் முதல் இன்று வரை இருப்பவர்.

இன்னொரு வகையில் பேர் குழுவுடையது, ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மாறியவர்கள். டீப் பர்ப்பிளில் 1968 முதல் விடாமல் இருப்பவர் டிரம்மர் இயன் பெய்ஸ் மட்டுமே. பாடகர் இயன் கில்லன்கூட இடையில் போய்த் திரும்பியவர். இப்போதைய கிதார்காரர் சைமன் மெக்பிரைட் சேர்ந்தது 2022-ல்.

மூன்றாவது, கூட்டுக் கச்சேரி. பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1989 முதல் நடத்துகிற ஆல்-ஸ்டார் பேண்ட் இந்த வகை. வேறு வேறு குழுக்களில் பேர் வாங்கியவர்களைச் சேர்த்துக்கொள்வார். அவரவர் தங்கள் ஹிட் பாட்டைப் பாடும்போது மற்றவர்கள் வாசிப்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள். ரிங்கோ இரண்டு மணி நேரமும் பாடுவார் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். விவரம் தெரிந்து போனால் ஒரே டிக்கெட்டில் நாலைந்து பேருடைய கச்சேரி.

ராக் அண்ட் ரோலின் முன்னோடிகளில் ஒருவரான சக் பெர்ரி கதை தனி. 1926-ல் பிறந்தவர், 2017-ல் காலமானார். பல ஆண்டுகள் அவர் கிதாரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்தந்த ஊரில் கிடைக்கிற வாத்தியக்காரர்களே அன்றைய பேண்ட். ஒத்திகை கிடையாது. என்ன பாட்டு, என்ன சுருதி என்றுகூட முன்கூட்டிச் சொல்லமாட்டார். அவர் கிதாரைத் தொட்டதும் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி 1973-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அவருக்குப் பின்னால் வாசித்த இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் தானே பெரிய ராக் நட்சத்திரமான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன்.

இந்த வகைகளில் எது என்று தெரிந்துகொள்ள, அந்தப் பாடகரின் சொந்த இணையதளத்தில் பயணத் தேதிகளைப் பாருங்கள். உங்கள் ஊர் தேதி அங்கே இருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. 'டிரிப்யூட்' என்ற சொல் போஸ்டரின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தால், வருவது அவர் அல்ல, அவர் பாட்டைப் பாடுகிற வேறு குழு. அதுவும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை வேறு.

அப்புறம், இப்போது கூட வாசிக்கிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். டிரம்ஸ் யார், பேஸ் யார், கீபோர்டு யார், இதற்கு முன் யாரோடு வாசித்தவர்கள். அரை மணி நேர வேலை. கச்சேரி அன்றைக்கு இது எவ்வளவு உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2012-ல் நான் செய்த தவறு

2012 டிசம்பரில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் பெங்களூரு வந்தார்கள். பள்ளி நாளில் கேசட் தேயத் தேயக் கேட்ட குழு. நண்பர்கள் மூன்று பேரோடு சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறும்போதே எனக்குத் தெரியும், அந்தக் கேசட்டில் கிதார் வாசித்த ஸ்லாஷ் 1996-லேயே விலகிவிட்டார் என்று. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. பழைய ஆட்களில் மேடையில் இருந்தவர்கள் பாடகர் ஆக்ஸல் ரோஸும், 1990-ல் சேர்ந்த கீபோர்டுக்காரர் டிஸ்ஸி ரீடும்தான். கிதார் வாசிக்க மூன்று பேர் நின்றார்கள். மூவரும் கைதேர்ந்தவர்கள். நான் அவர்களைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு சோலோவிலும் கேசட்டில் இருந்ததோடு ஒப்பிட்டுக்கொண்டே நின்றேன். கச்சேரி முடிந்து வரும் வழியெல்லாம் குறைதான் பேசினேன்.

சில மாதம் கழித்துச் சேலத்திலேயே ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரி. வயதான வித்துவான். குரல் மேலே போகவில்லை. மேல் ஷட்ஜத்துக்குப் போக வேண்டிய இடத்தில் அவர் நிறுத்த, வயலின்காரர் அந்தச் சங்கதியை எடுத்து முடித்தார். பின்னால் உட்கார்ந்த சிஷ்யர் அடுத்த வரியில் சேர்ந்துகொண்டார். பெரியவர் கண்ணை மூடித் தலையாட்டினார். சபை முழுக்க "ஆஹா" என்றது. போன வருடம் அவருக்கு வாசித்த மிருதங்கக்காரர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பக்கவாத்தியம் கச்சேரிக்குக் கச்சேரி மாறும் என்பது நமக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம். இன்றைக்கு இவருக்கு யார் வயலின், யார் மிருதங்கம், இருவருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று பார்க்கத்தானே போகிறோம். எடப்பாடி, ஓமலூர்ப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கும் இது புதிதல்ல. மூத்த கூத்துக்காரருக்குக் குரல் கம்மினால் பின்பாட்டு தாங்கும். மத்தளக்காரர் அவர் காலைப் பார்த்து அடியைக் குறைப்பார். அந்தக் காதோடும் கண்ணோடும் நான் பெங்களூரு போயிருக்க வேண்டும். ராக் என்றதும் அதையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு, கேசட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

2025 மே மாதம் அதே குழு மும்பைக்கு வந்தது. இம்முறை ஸ்லாஷும் பேஸ் வாசிக்கும் டஃப் மெக்கேகனும் இருந்தார்கள், அவர்கள் 2016-லேயே திரும்பிவிட்டார்கள். டிரம்ஸில் மட்டும் புது ஆள், அந்த ஆண்டுதான் சேர்ந்தவர். பதின்மூன்று வருடத்தில் ஒரே குழுவை இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறேன். 2012-ஐ இன்னொரு முறை கேட்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு வாரம் முன்பிருந்து: காதைப் பழக்குவது

பெரும்பாலானவர்கள் தயாராகிறேன் என்று பழைய ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அது மட்டும் போதாது. கடந்த ஓரிரு வருடத்தில் அவர் மேடையில் பாடிய பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். முதல் தடவை அதிர்ச்சியாகத்தான் இருக்கும். மூன்றாம் தடவை பழகிவிடும். அந்த அதிர்ச்சியை வீட்டிலேயே பட்டு முடித்துவிட்டால், மைதானத்தில் பாட்டைக் கேட்கலாம்.

குரல் ஏன் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் இன்னும் எளிது. வயதாக ஆகக் குரல் நாண்களின் தசை மெலிகிறது, நெகிழ்வு குறைகிறது. குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது. நுரையீரல் பிடிக்கும் காற்றும் குறைகிறது. அதனால் உச்சத்தில் நீட்டிப் பிடிப்பது கடினம், நீளமான வரியை ஒரே மூச்சில் முடிப்பதும் கடினம். இதற்குப் பாடகர்கள் செய்யும் ஏற்பாடுகள் உண்டு. பாட்டை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குவார்கள். உச்சிக்குப் போகும் வரியைக் கூடப் பாடுகிறவர்களிடம் விடுவார்கள், அல்லது கீழ்ஸ்தாயியில் பேசுவது போலச் சொல்லிப் போவார்கள். தாளத்தைத் தளர்த்துவார்கள். பாட்டுக்கு நடுவே நீண்ட கிதார் சோலோ வந்தால் அது வித்தைக்காக மட்டும் இல்லை. பாடகர் மூச்சு வாங்கிக்கொள்ள அந்த ஐந்து நிமிடம் வேண்டும்.

சிலர் இதற்கும் மேலே போய்ப் பாட்டையே மாற்றிக் கட்டுவார்கள். டிலன் இதில் முதன்மையானவர். அவருடைய மேடையில் தெரிந்த பாட்டின் முதல் வரி போய் இரண்டாம் வரி வரும்வரை இது எந்தப் பாட்டு என்றே பிடிபடாது. கிதாரை விட்டுப் பியானோவுக்குப் பின்னால்தான் இப்போது அதிகம் இருக்கிறார். 2021 நவம்பரில் தொடங்கிய பயணத்தில் 2020-ல் வந்த ஆல்பத்தின் பாடல்களுக்கே பெரும்பங்கு கொடுத்தார், அறுபதுகளின் ஹிட் பாடல்கள் பலவற்றை விட்டுவிட்டார். இதைத் தெரியாமல் போனவர்கள் ஏமாந்தார்கள். தெரிந்து போனவர்கள், எண்பது வயதில் ஒருவர் தன் புதுப் பாட்டை இவ்வளவு நம்பிப் பாடுகிறாரே என்று கேட்டார்கள்.

ஆகவே பாடல் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு கச்சேரியிலும் என்ன பாடினார் என்பதை ரசிகர்களே பதிந்து வைக்கிற தளம் இருக்கிறது, செட்லிஸ்ட் டாட் எஃப்எம். கடைசிப் பத்துக் கச்சேரிகளை ஒப்பிட்டால், எந்தப் பாட்டு எப்போதும் வருகிறது, எது மாறுகிறது என்று தெரியும். சிலருக்கு முன்கூட்டித் தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று ஒரு பயம். முதல் தடவை போகிறவர்கள் பார்த்துவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். பாட்டு தெரிந்திருந்தால்தான் அதை அவர் என்ன செய்கிறார் என்பது தெரியும்.

டிக்கெட்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புக் மை ஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற செயலிகளில்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். கடைசியில் வரியும் வசதிக் கட்டணமும் சேரும், அதையும் கூட்டிப் பாருங்கள். மேடைக்கு முன்னால் நிற்கும் பகுதி, பொதுவாக நிற்கும் பகுதி, உட்காரும் பகுதி என்று பிரிப்பார்கள். உங்களோடு வருபவருக்கு முழங்கால் வலி இருந்தால் உட்காரும் இடமே எடுங்கள். கேட் திறப்பதிலிருந்து முடிவது வரை ஐந்து மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். மறுவிற்பனை செய்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆளிடம் பணம் அனுப்பாதீர்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டிய பாடகருக்குத் தொண்டை கட்டலாம், காய்ச்சல் வரலாம், மருத்துவர் ஓய்வு சொல்லலாம். தேதி தள்ளிப்போவது இளைஞர்களை விட இவர்களுக்கு அதிகம் நடக்கும். அதனால் லாட்ஜ், ரயில் எதுவானாலும் ரத்து செய்தால் பணம் திரும்பும்படி எடுங்கள். 'அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்பதும் இந்த வயதுக்காரர்கள் விஷயத்தில் நடக்காமல் போகலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் 2003 ஏப்ரலில் பெங்களூரு வந்தார்கள். என் மாமா ஒருவர் அன்றைக்கு அலுவலக வேலை என்று போகவில்லை. அவர்களின் டிரம்மர் சார்லி வாட்ஸ் 2021-ல் காலமானபோது மாமா எனக்குப் போன் செய்து ரொம்ப நேரம் பேசினார்.

சேலத்திலிருந்து போவது

சேலத்துக்காரர்களுக்குப் பெங்களூருதான் பக்கம், சுமார் 200 கிலோமீட்டர். ரோஜர் வாட்டர்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், மார்க் னாஃப்லர், அயர்ன் மெய்டன் எல்லாரும் அங்கே வாசித்திருக்கிறார்கள். பிரையன் ஆடம்ஸ் பல தடவை வந்திருக்கிறார். மும்பையில் மட்டும் நடக்கிற கச்சேரியானால், கோவையிலிருந்து சேலம் வழியாக லோகமான்ய திலக் முனையத்துக்கு ரயில் இருக்கிறது. ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் நடுவில் ஒரு நாள் ஓய்வு வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருக்குப் பஸ்ஸில் போவதே எளிது. புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து நாள் முழுக்க வண்டி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக நான்கிலிருந்து ஐந்து மணி நேரம். கச்சேரி நாளில் காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஊருக்குள் நுழைந்த பிறகு ஆகும் நேரத்தைத்தான் எல்லாரும் குறைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பஸ் ஓசூர் சாலையில் வருவதால், எலக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ இறங்கி மெட்ரோ பிடிக்கலாம். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் பொம்மசந்திராவிலிருந்து இவை இரண்டின் வழியாக ஆர்.வி. ரோடு போகிறது. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் வடக்கே மாதாவரா வரை போகலாம், பெரிய கச்சேரிகள் சில அந்தப் பக்கத்து மைதானங்களில்தான் நடக்கின்றன. டிக்கெட்டில் உள்ள இடத்தின் பெயரை முதலில் வரைபடத்தில் தேடி, பக்கத்து மெட்ரோ நிலையம் எது என்று பார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் முந்தின நாளே இறங்கிச் சேலத்தில் தங்குங்கள். காலையில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் வந்து, ஐந்து மணி நேரம் பயணம் செய்து, அப்புறம் ஐந்து மணி நேரம் நிற்பது பெரிய அலுப்பு. உங்களுக்கு ஒரு வசதி, பெங்களூரு டிசம்பர்க் குளிர் ஒன்றும் செய்யாது. சேலத்துக்காரர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். திறந்த மைதானத்தில் எட்டு மணிக்கு மேல் நன்றாகக் குளிரும்.

மைதானத்துக்குள்

சின்னப் பை மட்டும். தண்ணீர் பாட்டில், குடை, பவர் பேங்க் இவற்றை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுகிற இடங்கள் உண்டு, அதனால் டிக்கெட்டோடு வரும் விதிகளை ஒரு தடவை படியுங்கள். மழைக்குக் குடைக்குப் பதிலாக மழைக்கோட்டு. அடையாள அட்டை, பாதம் மூடிய ஷூ. செருப்போடு போனால் மிதி படுவது நிச்சயம். உள்ளே சாப்பாடு விலை அதிகம், வரிசையும் நீளம். மதியமே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள்.

சில கலைஞர்கள் போனையே அனுமதிப்பதில்லை. டிலனின் 2021-க்குப் பிந்தைய பயணத்தில் வாசலிலேயே போனைப் பூட்டுப் பையில் போட்டு உங்களிடமே கொடுத்துவிடுவார்கள். வெளியே வரும்போதுதான் திறக்கும். அப்படி இருந்தால், கூட வந்தவரோடு சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவையுங்கள்.

எங்கே நிற்பது? புதிதாக வருபவர்கள் மேடைக்கு முன்னால் முண்டியடிப்பார்கள். முகம் தெரியும், சத்தம் கலங்கிக் கேட்கும். மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே, ஒரு கூடாரத்தில் சவுண்ட் மிக்ஸர் வைத்திருப்பார்கள். ஒலிப் பொறியாளர் அங்கிருந்து கேட்டுத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னால் நின்றால் அவர் கேட்கிறதே உங்களுக்கும் கேட்கும். வயதான பாடகரின் குரலில் இருக்கும் நுணுக்கத்தைப் பிடிக்க இதை விட நல்ல இடம் இல்லை. முகத்தைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

காதுக்குப் பஞ்சு மாதிரியான நுரை அடைப்பான் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும், இரண்டு ஜோடி வாங்குங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். ராக் கச்சேரி 100-ஐச் சாதாரணமாகத் தொடும். கோயில் திருவிழா மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்று பழகியவர்கள்கூட இதில் அலட்சியம் காட்ட வேண்டாம். அடைப்பானை விரலால் உருட்டிச் சன்னமாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் செருகினால் பயனில்லை. போட்ட பிறகு பாட்டு கேட்காதோ என்ற கவலை வேண்டாம், இரைச்சல் குறைந்து வார்த்தை தெளிவாகும்.

மேடையில் எதைப் பார்ப்பது

முதல் இரண்டு பாட்டில் எதையும் முடிவு செய்யாதீர்கள். வயதான குரல் சூடாக நேரம் பிடிக்கும். ஒலியமைப்பும் அப்போதுதான் நிலைக்கு வரும். மூன்றாம் நான்காம் பாட்டில்தான் உண்மையான கச்சேரி தொடங்குகிறது. 2012-ல் நான் மூன்றாம் பாட்டுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அப்புறம் பெரியவரை விட்டுவிட்டு, அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள். பேஸ்காரரின் கண் எங்கே இருக்கிறது? டிரம்மர் யார் தோளைப் பார்த்து அடிக்கிறார்? மாறும் குழுவோடு வாசிக்கிற மூத்தவர்கள் பெரும்பாலும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். கிதாரின் கழுத்தைச் சற்று உயர்த்துவார், இடது காலைத் தூக்கி வைப்பார், பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தக் கணத்தில் பாட்டு முடியும், அல்லது இன்னொரு சுற்று போகும். அவர் ஒரு வரியைத் தாமதமாக எடுத்தால், தாளம் அவருக்காகக் காத்திருக்கிறதா, இல்லை விட்டுவிட்டுப் போகிறதா என்று கவனியுங்கள். நல்ல குழு காத்திருப்பது வெளியே தெரியாது. மிருதங்கக்காரர் பாடகரின் இழுப்புக்கு இடம் விடுவது போல அது நடக்கும்.

நீங்கள் எழுதி வைத்த பெயர்த்தாள் இங்கேதான் உதவுகிறது. டிரம்ஸில் இருப்பவர் ஜாஸ் பக்கத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்திருந்தால், பழைய பாட்டு ஏன் இப்படி ஆடி ஆடிப் போகிறது என்பது புரியும். கிதார்காரருக்கு முப்பது வயது, பெரியவருக்கு எழுபத்தெட்டு என்றால், இவர் பிறக்கும் முன்பே எழுதிய பாட்டை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்கலாம். சிலர் பழைய சோலோவை ஸ்வரம் பிசகாமல் வாசிப்பார்கள். சிலர் முதல் நாலு ஸ்வரத்தை மட்டும் மரியாதைக்கு வாசித்துவிட்டுத் தன் வழி போவார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். உங்களுக்கு முதலாவது பிடித்தால் அதிலும் குற்றமில்லை.

சுருதி இறங்கியிருப்பதை வீட்டிலேயே பழகிவிட்டீர்கள் என்றால் இப்போது இன்னொன்று கேட்கும். கீழே இறங்கிய பாட்டில் வார்த்தை முன்னுக்கு வரும். இருபத்தைந்து வயதில் கத்திப் பாடிய வரி, எழுபதில் மெல்லச் சொல்லும்போது வேறு பொருள் தரும். காதலியைக் கோபித்து எழுதிய பாட்டு, காலம் சென்ற ஒருத்தியை நினைத்துப் பாடுவது போல மாறிவிடும். பதிவில் இது கிடைக்காது. எனக்கு இப்படி ஒரு பாட்டில் தொண்டை அடைத்திருக்கிறது.

பெரும்பாலும் கடைசிப் பகுதியில் குழுவை அறிமுகம் செய்வார். ஒவ்வொரு பேருக்கும் கை தட்டுங்கள், பலமாகத் தட்டுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் வாங்கப் போகாதீர்கள். பெரியவரைத் தாங்கி நிறுத்தியவர்கள் அவர்கள்.

பாடும்போது வார்த்தை மறந்தாலோ, குரல் உடைந்தாலோ, பக்கத்தில் சிலர் சிரிப்பார்கள், போனில் பிடிப்பார்கள். நீங்கள் அந்த வரியைச் சத்தமாகப் பாடிக் கொடுங்கள். ஆயிரம் பேர் பாடினால் அவர் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொள்வார்.

திரும்பி வருவது

திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதனால் பெரும்பாலும் பத்து மணிக்குள் முடித்துவிடுவார்கள். மெட்ரோவின் கடைசி வண்டிகள் பதினொரு மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், டாக்ஸி விலை மூன்று மடங்காகும். கடைசிப் பாட்டை விட்டுவிட்டு ஓடாதீர்கள், அதற்குத்தானே வந்தீர்கள். ஒரு கிலோமீட்டர் நடந்து கூட்டத்தைத் தாண்டிய பிறகு வண்டி கூப்பிடுங்கள்.

முடிந்தால் அன்றிரவு பெங்களூரிலேயே தங்கிவிடுங்கள். முடியாதென்றால் ஓசூர் சாலையில் சேலம் பஸ் இரவிலும் கிடைக்கும், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வாருங்கள். சொந்தக் காரில் மட்டும் அன்றிரவே திரும்பாதீர்கள். ஐந்து மணி நேரம் நின்ற உடம்பு, நடுராத்திரி இரண்டு மணி, தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகளால் எத்தனை விபத்து நடந்த இடம் என்று நமக்கெல்லாம் தெரியும். ஏற்காட்டுக்காரர்கள் அதற்கு மேல் மலையும் ஏற வேண்டும். விடிந்த பிறகு முதல் பஸ்ஸில் ஏறுங்கள்.

மறுநாள் காதில் 'ஙொய்' என்ற சத்தம் இருந்தால் அன்று முழுக்க ஹெட்செட் போடாதீர்கள். ஓரிரு நாளில் போகவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள். பெயர்த்தாளைத் தூக்கி எறியாதீர்கள். அதில் யார் எந்தப் பாட்டில் என்ன செய்தார் என்று நினைவிருக்கிறதை அன்றே எழுதி, டிக்கெட்டோடு சேர்த்து வையுங்கள். என் அண்ணன் மகன் டிக்கெட் எடுத்துவிட்டான். டிரம்மர் பேர் என்ன என்று நேற்று ராத்திரி அவனே போன் செய்து சொன்னான்.